64 கிலோமீட்டர் நடை

கேள்வி: பிரிட்டன் ராணுவத்தின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படைக்கு வெறும் நடையை வைத்தா ஆள் எடுக்கிறார்கள்?

பதில்: முதல் கட்டம் பெரும்பாலும் நடைதான். காட்டுப் பயிற்சி, விசாரணையைத் தாங்கும் பயிற்சி எல்லாம் பிறகு. வேல்ஸின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலையில் வரைபடம், திசைகாட்டியோடு தனியே போகவேண்டும். கடைசி நடை சுமார் 64 கிலோமீட்டர். முதுகில் 25 கிலோ, கையில் துப்பாக்கி, கெடு 20 மணி நேரம். தண்ணீரும் உணவும் அந்த எடைக்கு மேல்! நாலு பேர் குழுவாக எதிரிப் பகுதிக்குள் இயங்கும் படை. ஒருவர் துவண்டால் மற்ற மூவரும் மாட்டிக்கொள்வார்கள்.

குளிர் மட்டுமல்ல, வெயிலும் கொல்லும். 2013 ஜூலையில் இதே மலையில் தேர்வு நடையின்போது 3 ரிசர்வ் (பகுதிநேர) வீரர்கள் வெப்பத்தால் இறந்தார்கள். சுமையோடு ஏறும்போது தசையில் பிறக்கும் சூட்டை வியர்வையால் தணிக்க முடியாமல் போகும். தண்ணீர் குடித்தால் மட்டும் போதாது. தள்ளாட்டமோ உளறலோ தெரிந்தால் உடனே மூட்டையை இறக்கி, உடம்பை நனைத்து, விசிறவேண்டும். வைராக்கியக்காரர்கள் தாமாக நிற்கமாட்டார்கள், நிறுத்தவேண்டியது கண்காணிப்பாளர்தான்.