வேலை, குடும்பம் இரண்டுக்கும் நடுவில் முதல் நாவலை முடிக்க நேரம் எங்கிருந்து வரும்?

யாரைக் கேட்டாலும் காலை நாலு மணிக்கு எழுந்து எழுதச் சொல்கிறார்கள். நாலரைக்கு நான் எழுந்துதான் இருக்கிறேன். மூன்று டிபன் பாக்ஸ், மாமியாருக்கு உப்புக் குறைத்துத் தனிக் குழம்பு, தண்ணீர் நிற்பதற்குள் குடங்களை நிரப்புவது. நாலு மணிக்கு எழுதுகிறவர்கள், ஐந்தரைக்குத் தங்களுக்குக் காபி போட்டுத் தருவது யார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சரி, சண்டைக்கு வரவில்லை. உங்கள் நாவல் இப்போது மூன்றாவது அத்தியாயத்தில் நிற்கும் என்று நினைக்கிறேன். என்னுடையதும் அங்கேதான் இரண்டு வருடம் நின்றது.

நான் பாரிமுனைப் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். திருவள்ளூரிலிருந்து சென்ட்ரலுக்கு லோக்கல் ரயில், ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். திருவள்ளூரில் லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைத்துவிடும். ஆனால் ஆவடி வந்ததும் கூட்டம் ஏறும், மடியில் யாருடைய பையாவது வந்துவிடும், சில நாள் யாருடைய குழந்தையாவது. ஆக, எனக்கென்று இருந்தது ஆவடி வரைக்குமான அரை மணி நேரம். நாவல் மொத்தமும் அங்கே எழுதியதுதான். போனில், கட்டை விரலால். எழுதியதை எனக்கு நானே வாட்ஸப்பில் அனுப்பிக்கொள்வேன். போனில் தட்டுவதெல்லாம் இலக்கியமா என்று ஒருவர் கேட்டார். அவர் பேனாவில் எழுதுகிறவர். இன்னும் முடிக்கவில்லை.

சாயங்கால ரயிலில் எழுதலாமே என்பீர்கள். முயன்றேன். பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிடும்.

கணக்குக்காரி என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு 150 வார்த்தை. மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்: 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 படிவம், 20ஆம் தேதிக்குள் 3பி படிவம். இந்த இரண்டு தேதிக்கும் இடையில் ரயிலிலும் கிளையண்டுகளின் பில்தான் கண்ணுக்குள் ஓடும். மார்ச், ஜூலை, செப்டம்பர் மாதங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை, காய்ச்சல், ஊரில் கல்யாணம் எல்லாம் போக வருடத்துக்கு நூறு நாள் தேறியது. நூறு நாளுக்கு 15,000 வார்த்தை. மூன்று வருடத்தில் 45,000. சின்ன நாவல்தான், ஆனால் முடிந்த நாவல்.

அதற்கு முன்னால் வீணான இரண்டு வருடத்துக்கு நேரமின்மை காரணமில்லை, அது என் தப்பு. தினமும் முதல் பக்கத்திலிருந்து படித்துத் திருத்திக்கொண்டு வருவேன், ஆவடி வந்துவிடும். அப்பா தறி நெய்தவர். பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலில், இழை அறுந்தால் அந்த இடத்தில் முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த குறுக்கு நூலை நாடாவில் ஓட்டுவாரே தவிர, நெய்து சுற்றிய துணியைப் பிரித்து அழகு பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். நான் எழுதியதே நெசவாளர் தெருவைப் பற்றி. அவர் வேலை செய்த விதம் மட்டும் எனக்கு உறைக்கவில்லை. வாட்ஸப்பில் மேலே தள்ளிப் பார்க்கக் கூடாது என்று ஒரு நாள் முடிவு செய்தேன். அப்புறம்தான் கதை நகர்ந்தது.

வீட்டுக்காரர் உதவவில்லையா என்று கேட்க வருவீர்கள். நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவார். போகும்போது, "நீ நிம்மதியா எழுது, சாப்பிட வந்துடுறோம்" என்பார். இதற்கு மேல் சொன்னால் அவரைக் குறை சொல்வதாக ஆகிவிடும்.

எழுதி முடித்ததோடு வேலை முடிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். நான் யூனிகோடில் தட்டியதைப் பதிப்பகத்தில் அவர்களுடைய பழைய எழுத்துருவுக்கு மாற்றினார்கள். 'கொ', 'கோ' எல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று கிடந்தன. என் தீபாவளி லீவு அதைச் சரி செய்வதில் போயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மெய்ப்பு, அதாவது அச்சுப் பிழை பார்த்தவருக்கோ ஒற்று என்றால் உயிர். அதோடு விட்டாரா? கதையில் வரும் கிழவி, "மழ வந்துச்சுடி, பாவ சுருட்டு" என்று கத்துவாள். அச்சுக்குப் போகும் பிரதியில் அவள், "மழை வந்ததடி, பாவைச் சுருட்டு" என்கிறாள். தெருவில் விரித்த பாவு நனைகிற நேரத்தில் யார் இப்படி இலக்கணமாகக் கத்துவார்கள்? பதினோரு இடத்தில் பழையபடி மாற்ற வைத்தேன். ஒரு இடம் தப்பிவிட்டது, 83ஆம் பக்கம். இப்போதும் அந்தப் பக்கத்தைத் திறக்க மாட்டேன்.

இப்போது இரண்டாவது நாவல், அதே பெட்டி. தினமும் எதிரில் உட்கார்ந்து பூண்டு உரிக்கும் அக்கா ஒருவர் உண்டு. முதல் நாவலின் ஒன்பதாவது அத்தியாயத்தில் வேறு பெயரில் வருகிறார், பூண்டோடு. அவருக்குத் தெரியாது. "என்னம்மா, இன்னைக்கும் ஆபீஸ் வேலையா?" என்று கேட்பார். "ஆமாங்க்கா" என்பேன்.