நடிக்கிற மகள் இயக்குநராகப் போகிறேன் என்கிறாள்

அண்ணா, மகள் நடிக்கத் தொடங்கினபோது வந்த பயத்தைவிட, இனி நெறியாள்கைதான் என்று அவள் சொன்ன பிறகு உங்களுக்குக் கூடுதல் பயம் வந்திருக்கிறது. எனக்கு அது நேர்மாறாகத்தான் படுகிறது. திருகோணமலையில் இருந்துகொண்டு நடிப்பை மட்டும் நம்பினால் யாராவது கூப்பிடும்வரை காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இயக்கம் பழகப்போய் எடிட்டிங்கும் கைவந்தவளுக்கு ஒரு கலியாண வீடியோவோ கடை விளம்பரமோ எப்படியும் வரும்.

ஆனால் நாலைந்து குறும்படத்தில் நடித்தாயிற்று, இனி நானே எடுப்பேன் என்று அவள் நிற்பது சரிவராது. நடிப்பவரிடம் என்ன சொன்னால் முகம் இளகும், என்ன சொன்னால் இறுகும் என்பது பட்டே தெரிந்திருக்கும், அது பெரிய முதல்தான், மறுக்கவில்லை. மற்றதெல்லாம் இனித்தான் பழக வேண்டும். கோணேசர் கோயிலுக்குப் போகிற கோட்டை வழியில் இரண்டு பேர் பேசுகிற காட்சி என்று வையுங்கள். ஒருவரைக் காலையிலும் மற்றவரை மத்தியானமும் எடுத்தால் நிழல் எங்கே விழும், கமராவை மற்றப் பக்கம் மாற்றி வைத்தால் இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுகிற மாதிரி ஏன் தெரிகிறது, முதல் ஷாட்டில் பின்னால் நின்ற மான் அடுத்த ஷாட்டில் இல்லையென்றால் எப்படி ஒட்டுவது (நம்ம ஊர் மான் யார் சொல்லையும் கேட்காது), இதெல்லாம் நடித்துக்கொண்டு நிற்கிறவர் கண்ணில் படாது.

அமெரிக்காவில் ஸ்டார் ட்ரெக் தொடரில் நடித்த ஜொனதன் ஃப்ரேக்ஸ், இயக்க ஆசைப்பட்டு, முதலில் எடிட்டிங் அறையிலும் மற்ற இயக்குநர்கள் பக்கத்திலும் இருந்து பழகினார். அப்புறம்தான் 1990இல் ஒரு அத்தியாயம் கைக்கு வந்தது, 1996இல் அதே வரிசையில் ஒரு திரைப்படம். சுஹாசினியை எடுங்கள்: சென்னையில் ஒளிப்பதிவு படித்து ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்தவர், 1980இல் நடிகையானார், 1991இல் தூர்தர்ஷனில் 'பெண்' தொடரை இயக்கினார், 'இந்திரா' படம் 1995இல்தான். இரண்டு பேருமே தொலைக்காட்சியில் இயக்கிக் கை பழகித்தான் சினிமா இயக்கப் போனார்கள், மகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் அவள் படிக்கிற தொடர்பாடல் பட்டத்தை இடையில் விடவே வேண்டாம். முடித்த பிறகு கொழும்பில் இலங்கை தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் கமரா, எடிட்டிங், தயாரிப்பு என்று பயிற்சிகள் நடக்கின்றன, எந்த மொழியில் என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள், சிங்களம் கொஞ்சம் கைவசம் இருந்தால் பிறகு வேலைக்கும் உதவும். அப்புறம், இத்தனை லட்சம் தாருங்கள், மகளையே டைரக்டராகப் போட்டுப் படம் எடுக்கிறோம் என்று எவராவது வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இரவுப் படப்பிடிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். யார் எடுக்கிறார்கள், எங்கே, எத்தனை மணிக்கு முடியும், எதில் திரும்புவாள், வேறு பெண்கள் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் அனுப்ப வேண்டாம். இதையெல்லாம் முதலே சொல்லத் தெரியாத குழுவிடம் அவள் தொழில் பழகவும் முடியாது.

இப்போதைக்கு ஒரு வேலை கொடுங்கள். வீட்டுக்குள்ளேயே, கைபேசியில், மூன்று நிமிஷக் காட்சி. இரண்டு பேர் நடிக்கட்டும், அவள் நடிக்கக் கூடாது. எடிட்டிங்கும் அவளே செய்து, கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டிவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருக்கட்டும். பார்த்தவர் எந்த இடத்தில் விளங்கவில்லை என்றாரோ அதைக் குறித்துக்கொண்டு என்னிடம் வரச் சொல்லுங்கள், நீங்கள் கூட வரத் தேவையில்லை.