மூன்றாம் பேஸ் வரை ஓடுகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

பேஸ்பாலில் லீக்கிலேயே அதிக டிரிபிள் அடித்தவர்களைப் போற்றி எழுதியிருந்தீர்கள். (டிரிபிள் என்பது, அடித்தவர் வரிசையாகத் தொட வேண்டிய பேஸ்கள் எனும் நிலைகளில் மூன்றாவது வரை ஒரே அடியில் ஓடிச் சேர்வது.) 1912இல் 36 டிரிபிள் அடித்துச் சாதனை படைத்த ஓவன் வில்சன், வேறெந்த சீசனிலும் 14ஐத் தாண்டவில்லை. அப்படியானால் இது மைதானமும் அதிர்ஷ்டமும் சேர்ந்து கொடுப்பதுதானே? இதைத் திறமை என்று எப்படிச் சொல்ல முடியும்?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

வில்சனைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது சரி. பிட்ஸ்பர்க் அணியின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் வேலி வெகு தொலைவில் இருந்ததால், அந்த ஆண்டு அவ்வணி முழுவதுமே 129 டிரிபிள் அடித்தது. அவருடைய அணித்தோழர் ஹோனஸ் வாக்னர் 20 அடித்தார். மைதானம் கைகொடுத்ததை மறுக்க முடியாது. ஆனால் ஒரு மனிதரின் ஒரே ஒரு சீசனை வைத்து இந்தத் திறமையை எடைபோடுவது நியாயமாகாது என்பதே என் கருத்து.

சாம் கிராஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1902இல் சின்சினாட்டிக்காக ஆடி, அமெரிக்காவின் இரு பெரிய லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் 22 டிரிபிளுடன் முதலிடம் பெற்றவர், மறு ஆண்டே டெட்ராய்ட்டுக்குப் போய் மற்றொன்றான அமெரிக்கன் லீக்கில் 25 டிரிபிளுடன் அங்கும் முதலிடம் பெற்றார். பிறகு 1910இலும், 1913 முதல் 1915 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகளும் அவரே முதல்வர். 1914இல் 26 டிரிபிள் அடித்தபோது அவருக்கு வயது 34. அவருடைய மொத்தக் கணக்கான 309ஐ இன்றுவரை யாரும் எட்டவில்லை. ஊரும் லீக்கும் மாறியும் மாறாமல் நின்ற ஒன்றை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

களத்தில் நடப்பதைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். பேஸுக்குப் பேஸ் 90 அடி. ஆக 270 அடியை ஒரே மூச்சில் ஓடியாக வேண்டும். தேர்ந்த ஓட்டக்காரர் முதல் பேஸை நோக்கி நேர்கோட்டில் ஓடமாட்டார். சற்று வெளியே வளைந்து வந்து, பேஸின் உள்மூலையில் கால் பதித்து, வேகம் குறையாமல் திரும்புவார். பந்து வலப்பக்க மூலைக்குப் போயிருந்தால், இரண்டாம் பேஸை நெருங்கும்போது அது அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் என்பதால், மூன்றாம் பேஸ் அருகே நிற்கும் பயிற்சியாளரின் கையசைவை நம்பித்தான் அவர் ஓட வேண்டும். இரண்டாம் பேஸில் நின்றுவிடுவதே பத்திரம். அதையும் தாண்டிப் போகிறவர், பேட்டைக் கீழே போட்ட கணத்திலேயே மூன்றாம் பேஸைக் குறிவைத்தவராகத்தான் இருப்பார்.

காலமும் இதில் பங்கு வகித்தது. கிராஃபோர்ட் 1908இல் வெறும் 7 ஹோம் ரன்களோடு அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்றார் என்றால், பந்து வேலியைத் தாண்டுவது அன்று எவ்வளவு அரிது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1920களில் ஹோம் ரன் பெருகியபின் டிரிபிள் அருகத் தொடங்கியது. அதனாலேயே பின்னாளில் வந்தவர்களை நான் கூடுதலாக மதிக்கிறேன்.

பந்து வேகமாக உருண்டோடும் கான்சாஸ் சிட்டியின் செயற்கைப் புல்தரையில் ஐந்து முறை லீக்கில் முதலிடம் பெற்ற வில்லி வில்சனுக்குத் தரை உதவியது என்று நீங்கள் வாதிடலாம். லான்ஸ் ஜான்சன் விஷயத்தில் அந்த வாதம் நிற்காது. 1991 முதல் 1994 வரை சிகாகோ வைட் சாக்ஸில் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அமெரிக்கன் லீக்கில் முதலிடத்தில் இருந்தவர், 1996இல் நியூயார்க் மெட்ஸுக்கு வந்து, நேஷனல் லீக்கிலும் 21 டிரிபிளுடன் முதலிடம் பெற்றார்.

அன்புடன்.