ஒரே தாத்தாவுக்கு ஐந்து பெயர்: பேலா என்று எப்படி நிரூபிப்பது?

கேள்வி: நான் டொராண்டோவில் இருக்கிறேன். என் கணவரின் தாத்தா ஹங்கேரியர், 1957இல் அகதியாகக் கனடா வந்தவர். வீட்டில் எல்லாருக்கும் அவர் பேலாதான். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஹங்கேரியக் குடியுரிமைக்கு எழுதிப்போடலாம் என்று பழைய பெட்டியைத் திறந்தால் தலை சுற்றுகிறது. கோமார்னோவில் பிறந்தவர், 1926. ஞானஸ்நானச் சீட்டில் அடால்பெர்ட்டுஸ், அதே ஊர்ப் பிறப்புச் சான்றில் வோய்தெக், ஹங்கேரியப் பள்ளிச் சான்றில் பேலா, கனடாக் குடியுரிமைத் தாளில் ஆல்பர்ட், கல்லறையில் பில். ஒரு முகவர், "முதலில் எல்லாவற்றையும் ஒரே பெயராகத் திருத்த வேண்டும், மூவாயிரம் டாலர் ஆகும், பிறகு ஹங்கேரிய மொழித் தேர்வுக்கும் வகுப்பு எடுக்கிறேன்" என்கிறார். கட்டலாமா? இன்னொன்று, பிறக்கப்போகும் பையனுக்கு அந்தப் பெயரையே வைக்க ஆசை. பேலா என்றால் என்ன பொருள்?

பதில்: கட்டாதீர்கள். இந்த ஐந்தும் ஐந்து பெயர் அல்ல, ஒரே பெயரை ஐந்து குமாஸ்தாக்கள் அவரவர் மொழியில் எழுதியது. திருத்த வேண்டியது எதுவும் இல்லை, இணைத்துக் காட்ட வேண்டியதுதான் இருக்கிறது, அதற்கு வேண்டிய காகிதத்தில் பாதி உங்கள் பெட்டியிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடால்பெர்ட் என்று ஒரு புனிதர். பிராகின் ஆயராக இருந்தவர், 997இல் பிரஷ்யர்களிடம் மதம் பரப்பப் போய்க் கொல்லப்பட்டார். பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் வோய்தெக், அதைச் செக்காரர்கள் கொஞ்சம் வேறு மாதிரி உச்சரிப்பார்கள், அடால்பெர்ட் என்பது பின்னால் எடுத்துக்கொண்ட பெயர். ஆக வோய்தெக்கும் அடால்பெர்ட்டும் ஒரே ஆள் என்பது கதை அல்ல, நிஜம். பேலாவுக்கு என்று தனியாகப் புனிதர் கிடையாது, அது கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஹங்கேரியப் பெயர். கோயில் பதிவேட்டில் லத்தீனில் எழுத வேண்டிய பாதிரியார் என்ன செய்வார்? ஏற்கெனவே உள்ள புனிதர் ஒருவரோடு சேர்த்துவிடுவார். பேலாவுக்கு அமைந்தவர் அடால்பெர்ட். இப்படித்தான் கியூலா யூலியுஸ் ஆனார், யெனோ யூகேனியுஸ் ஆனார், பெரும்பாலும் ஓசைப் பொருத்தம்தான். செக்கோஸ்லோவாக்கியா வந்த பிறகு அதே பையனை அரசுப் பதிவாளர் ஸ்லோவாக் முறையில் வோய்தெக் என்று எழுதினார். கனடாவில் அடால்பெர்ட் என்றால் யாருக்கும் வாயில் நுழையாது, ஆல்பர்ட் ஆனது. பில் எங்கிருந்து வந்தது என்றால், ஆங்கிலத்தில் அதுவும் பேலாவைப் போல 'B'யில் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள், தாத்தாவின் பிறந்தநாள் நவம்பரில், ஆனால் ஏப்ரல் 23 அன்று வீட்டில் கேக் வெட்டுவார் என்று. அது பிறந்தநாள் அல்ல, பெயர் நாள். ஹங்கேரிய நாட்காட்டியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாள் உண்டு, பேலாவுக்கு ஏப்ரல் 23. அதே நாள்தான் புனித அடால்பெர்ட்டின் திருநாளும். இதைச் சான்றாக எந்த அலுவலகமும் வாங்காது. உங்கள் மனதுக்கு இனி சந்தேகம் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அலுவலகம் கேட்பது வேறு. ஹங்கேரியில் ஓர் ஆளை அடையாளம் காட்டப் பெயர் மட்டும் போதாது, பிறந்த ஊர், பிறந்த தேதி, அப்புறம் தாயின் பெயர், இத்தனையும் சேர்ந்தால்தான் ஆள். எந்தப் படிவத்தை எடுத்தாலும் "அன்யா நெவெ" என்று ஒரு கட்டம் இருக்கும், தாயின் பெயர், அதுவும் கல்யாணத்துக்கு முந்தைய பெயர். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேட்டுக்கே அங்கே 'அன்யகொன்யுவ்' என்றுதான் பெயர், சொல்லைப் பிரித்தால் தாய்ப் புத்தகம். ஆகவே உங்கள் தாள்களில் தாத்தாவின் பெயரைப் பார்த்துப் பதறாமல், தாயின் பெயரும் தேதியும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் வோய்தெக் என்று இருந்தாலும் பேலா என்று இருந்தாலும் அனுபவமுள்ள பதிவாளர் கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டார். அனுபவமில்லாதவர் கையில் மாட்டினால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும், பதில் அனுப்பினால் வேறொருவர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார். நூறு வருடமாக இந்தக் குழப்பம் இருக்கிறது, ஆண்டு முழுக்க இதே வேலையாக இருக்கிறவர்களுக்கு, இன்ன பெயர் இன்ன மொழியில் இப்படி வரும் என்று ஒரு பக்கம் அச்சடித்து மேசையில் ஒட்டிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

தாயின் பெயரிலும் ஒரு பொறி உண்டு. நான் பார்த்த கோப்புகளில் பாதி இதில்தான் கவிழ்ந்தன. பழைய வழக்கப்படி ஹங்கேரியப் பெண் கல்யாணம் ஆனதும் கணவரின் முழுப் பெயரோடு 'நே' சேர்த்துக்கொள்வார். கோவாச் பேலா என்பவரின் மனைவி, கோவாச் பேலானே. அவருடைய சொந்தப் பெயர் மரியாவோ இலோனாவோ, அது அந்தப் பெயரில் எங்குமே தெரியாது. இதைப் பார்த்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் 'பேலானே' என்பதைப் பாட்டியின் சொந்தப் பெயர் என்று எண்ணி ஆங்கிலத்தில் அப்படியே எழுதிவிட, அதை வைத்து இன்னொருவர் இறப்புச் சான்று வாங்க, இல்லாத ஒரு பேலானே பாட்டி அந்தக் குடும்பத்துக்குள் குடியேறிவிட்டார். சரிசெய்ய இரண்டு வருடம். உங்கள் பாட்டியின் தாள்களில் 'நே' என்று முடிகிற சொல் இருந்தால் அது அவர் பெயர் அல்ல, தாத்தாவின் பெயர். ஸ்லோவாக் தாளில் அதே பெண்ணின் குடும்பப் பெயருக்குப் பின்னால் 'ஓவா' ஒட்டியிருக்கும், அதையும் புதுப் பெயராக எண்ண வேண்டாம். குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பின்னால் என்பதை மட்டும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, முன்னால் இனிஷியல் போட்டே வளர்ந்தவர்கள் நாம்.

முகவருக்கு வருகிறேன். இறந்தவரின் பெயரை யாராலும் மாற்றித்தர முடியாது, பெயர் மாற்றம் என்பது உயிரோடு இருப்பவர் தனக்குக் கேட்டு வாங்குவது. அவர் செய்யப்போவது, இந்த ஐந்து பேரும் ஒருவரே என்று உங்களிடம் ஒரு சத்தியக்கடதாசி வாங்கி நோட்டரியிடம் முத்திரை குத்துவது. அதற்கு மூவாயிரம் டாலர் ஆகாது, அது இல்லாமலும் காரியம் நடக்கும். கனடாத் தாள்களுக்குத் தூதரக முத்திரை, அமைச்சக முத்திரை என்று அடுக்கடுக்காகச் செலவு காட்டினால் அதையும் நம்பாதீர்கள். ஒரு நாட்டுத் தாளை இன்னொரு நாடு ஏற்க ஒரே சான்று போதும் என்கிற அப்போஸ்தில் ஒப்பந்தத்தில் 2024 ஜனவரி 11 முதல் கனடாவும் இருக்கிறது, அந்தச் சான்றை ஒட்டினால் போதும். தயவுசெய்து அசல் தாள் எதையும் லேமினேட் செய்துவிடாதீர்கள், நம் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

மொழித் தேர்வு வகுப்புதான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது, அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 2011 முதல் நடைமுறையில் உள்ள எளிமையாக்கப்பட்ட குடியுரிமை முறை ஒன்று இருக்கிறது, முன்னோர் ஹங்கேரியக் குடிமகனாக இருந்திருந்தால் ஹங்கேரியில் வசிக்காமலே குடியுரிமை கேட்கலாம், ஆனால் ஹங்கேரிய மொழி பேசத் தெரிய வேண்டும். முகவர்கள் எல்லாரையும் இந்த வாசலுக்கே ஓட்டிக்கொண்டு போகிறார்கள், வகுப்புக்குக் காசு வாங்கலாமே. இன்னொரு வாசல் இருக்கிறது, புதிதாகக் கேட்பது அல்ல, ஏற்கெனவே இருப்பதை உறுதிசெய்வது. நீங்கள் எழுதியிருப்பதுபடி, உங்கள் கணவரின் தாத்தா 1947இல் செக்கோஸ்லோவாக்கியா-ஹங்கேரி மக்கள் பரிமாற்றத்தில் ஹங்கேரிக்கு அனுப்பப்பட்டு, பத்து வருடம் அங்கே குடிமகனாக வாழ்ந்து, 1956 எழுச்சி நசுக்கப்பட்ட பின் வெளியேறிய சுமார் 2 லட்சம் பேரில் ஒருவராகப் போயிருக்கிறார். கனடா மட்டும் அப்போது சுமார் 37,000 பேரை ஏற்றது. அப்படிப் போனதால் மட்டும் குடியுரிமை போய்விடவில்லை. தாத்தா குடிமகனாகவே இருந்தால் கனடாவில் பிறந்த மாமனாரும் குடிமகன், அவர் வழியாகக் கணவர், கணவர் வழியாகப் பிள்ளைகள், இரத்த வழியில் இறங்கிக்கொண்டே வரும். அப்படியானால் கணவர் கேட்க வேண்டியது குடியுரிமை அல்ல, குடியுரிமைச் சான்றிதழ். அதற்கு ஒரு சொல்கூட ஹங்கேரிய மொழி தெரிய வேண்டாம். அந்த முகவரிடம் இந்தச் சான்றிதழ் வழியைப் பற்றி மட்டும் கேட்டுப் பாருங்கள், தெரியாததுபோல் நடிக்கிறாரா, நிஜமாகவே தெரியாதா என்று உங்களுக்கே புரிந்துவிடும். உங்களுக்கு, அதாவது மருமகளுக்கு, வழி வேறு, அதை இங்கே கலக்க வேண்டாம்.

பெயருக்கு வருவோம். பொருள் என்ன என்று உறுதியாகச் சொல்கிற எவரையும் நம்பாதீர்கள். குழந்தைப் பெயர்த் தளங்களில் 'வெள்ளை' என்று போட்டிருக்கும், ஸ்லாவிய மொழிகளில் வெள்ளைக்குப் 'பெல' என்று வருவதால் சொல்வது. ஹங்கேரிய 'பேல்' என்ற சொல்லிலிருந்து, உள்ளே இருப்பது, குடல் என்று சிலர். பழைய துருக்கியப் பட்டப் பெயர் என்று சிலர். மொழியறிஞர்களுக்குள்ளேயே முடிவாகாத விஷயம். அடால்பெர்ட்டின் பொருளைக் கொண்டுவந்து பேலாவுக்கு ஒட்டுவது அதைவிட மோசம், மேலே சொன்னேனே, அது பாதிரியார் வசதிக்குச் சேர்த்த ஜோடி.

பொருள் தெரியாவிட்டால் என்ன, வைத்திருந்தவர்களைப் பாருங்கள். நான்கு அரசர்கள். நான்காம் பேலாவின் படை 1241 ஏப்ரலில் மோகிச் சமவெளியில் மங்கோலியரிடம் சிதறிப்போனது, அவர் அட்ரியாட்டிக் கடற்கரை வரை ஓடி, திரும்பி வந்து நாட்டைக் கல்லுக் கல்லாகக் கட்டினார், புடாக் கோட்டை உட்பட. எனக்குப் பிடித்தவர் மூன்றாம் பேலா, உங்கள் தாத்தா கதையின் ராஜ பதிப்பு அவர். இளவரசனாக இருந்தபோது பைசாந்தியப் பேரரசர் மனுவேல் அவரைக் கான்ஸ்டாண்டினோபிளுக்கு வரவழைத்து, மகளை நிச்சயம் செய்து, பெயரையே அலெக்ஸியோஸ் என்று மாற்றி வாரிசாக வைத்துக்கொண்டார். பிறகு பேரரசருக்கே ஆண்பிள்ளை பிறந்தது, அலெக்ஸியோஸுக்கு அங்கே வேலை இல்லை. 1172இல் அண்ணன் இறக்க, ஊர் திரும்பி மறுபடி பேலா ஆகி 24 வருடம் ஆண்டார். புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் முக்காடு போட்ட ஒரு சிலை உட்கார்ந்திருக்கும், ஹங்கேரியர்களின் ஆதி வரலாற்றை எழுதிய பெயர் தெரியாத எழுத்தர். கையிலுள்ள பேனாவைத் தொட்டால் எழுத்து வரும் என்று போகிறவர் வருகிறவரெல்லாம் தடவி அந்த இடம் மட்டும் பளபளக்கும். அவர் தன்னைப் "பேலா அரசரின் எழுத்தர்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார், எந்தப் பேலா என்று சொல்லவில்லை. மூன்றாம் பேலாதான் என்பது பெரும்பாலோர் முடிவு, ஆனாலும் இந்த ஒரு வரியை வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டார்கள். அதனால்தான் பிறந்த தேதியும் தாயின் பெயரும் வேண்டும் என்கிறேன்.

அண்மைக் காலத்தில் இசையமைப்பாளர் பார்டோக் பேலா, டிராகுலாவாக நடித்த பேலா லுகோசி, போர்ச்சுகல் கால்பந்து அணி பென்ஃபிகாவுக்கு 1961இலும் 1962இலும் ஐரோப்பியக் கோப்பை வாங்கித்தந்த பயிற்சியாளர் பேலா குட்மன், ஜிம்னாஸ்டிக் வீராங்கனை நாடியா கொமனேச்சியின் பயிற்சியாளர் பேலா கரோயி. இவர்களில் பார்டோக், லுகோசி, கரோயி மூவரும் பிறந்த ஊர்கள் இன்று ருமேனியாவில் இருக்கின்றன. லுகோசியின் நிஜக் குடும்பப் பெயர் பிளாஷ்கோ, ஊர்ப் பெயர் லுகோஷ், அதைத்தான் மேடைப் பெயராக வைத்துக்கொண்டார். இவர்களோடு உங்கள் குடும்பத்துக்கு உறவு என்று 'பேலா குலச் சின்னம்' அச்சடித்து விற்கிறவர்களும் உண்டு. பேலா சொந்தப் பெயர், குலம் அல்ல. வாங்காதீர்கள்.

பையனுக்குத் தாராளமாக வையுங்கள். 'ஆ'வில் முடிவதால் கனடாவில் பெண் என்று நினைப்பார்கள், ஹங்கேரியில் அது சுத்தமான ஆண் பெயர். தமிழில் எழுதினால் 'ப'வை அழுத்திச் சொல்லாத பட்சத்தில் ஊர்ப் பாட்டிமார் என்ன சொல்லிச் சிரிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இப்போது முதல் வேலையாகத் தாத்தாவின் கல்யாணச் சான்றைத் தேடுங்கள். கனடா வருவதற்கு முன் ஹங்கேரியில் கல்யாணம் நடந்திருந்தால் அந்தப் பதிவில் பேலா என்ற பெயர், பிறந்த ஊர், தேதி, தாயின் பெயர் எல்லாம் ஒரே தாளில் இருக்கும், வோய்தெக்கையும் பேலாவையும் கட்டுகிற கயிறு அதுதான். ஊர் கோமாரோம் என்று இருந்தால் குழம்ப வேண்டாம், டான்யூபின் இரு கரையிலும் அதே ஊர்தான், வடகரை இன்று ஸ்லோவாக்கியாவின் கோமார்னோ, தென்கரை ஹங்கேரியின் கோமாரோம். பிறப்புச் சான்றின் புதுப் பிரதி வேண்டுமென்றால் வடகரைக்கு எழுதுங்கள், தென்கரையில் தேடினால் கிடைக்காது.