டிஸ்னிலாண்ட் பாரிஸில் அம்மா அப்பா, பிள்ளைகளோடு தங்க எந்த ஹோட்டல்?

ஆகஸ்டில் பாரிஸிலுள்ள தம்பி வீட்டுக்குப் போகும்போது, எழுபது கடந்த அம்மா அப்பாவையும் 4, 9 வயதுப் பிள்ளைகளையும் டிஸ்னிலாண்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், தங்குவதற்கு டிஸ்னிலாண்ட் ஹோட்டலா, நியூயோர்க்கா, நியூபோர்ட் பேயா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் யாழ்ப்பாணத்திலிருந்து இப்படியொரு குடும்பமாகப் போய் வந்தவள்தான். உங்களுக்கு நியூயோர்க் சரி. ஒரு இரவு போதும்.

முதல் தடவை நாங்கள் ஹோட்டலே எடுக்கவில்லை. பாரிஸை ஒட்டிய லா கூர்நெவில் அக்கா வீடு இருக்கும்போது எதற்கு வீண்செலவு என்று நினைத்தோம். விடிய வெளிக்கிட்டு, பாரிஸ் நடுவிலுள்ள ஷத்லே ஸ்டேஷனில் ரயில் மாறி, RER ஏ லைனின் கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் பூங்கா வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. போவது சுகம். திரும்புவதுதான் கஷ்டம். நம்மூர் மாதிரி ஆறரைக்கு அங்கே இருட்டாது. ஆகஸ்டில் நன்றாக இருட்டப் பத்து மணியாகும், கோட்டைக்கு மேல் வாணவேடிக்கை அதற்குப் பிறகுதான். சின்னவன் என் தோளில் நித்திரை. ஸ்டேஷன் படிகளில் அம்மா கைபிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறியது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

அடுத்த முறை நியூபோர்ட் பேயில் ஓரிரவு தங்கினோம். பின்னேரம் மூன்று மணிபோல் அறை கிடைத்ததும் அம்மாவும் சின்னவனும் படுத்துவிட்டார்கள். பெரியவனும் அவனுடைய அப்பாவும் மட்டும் பூங்காவுக்குத் திரும்பினார்கள். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் பிரிய வேண்டிவரும். ரோலர் கோஸ்டர்களில், பிக் தண்டர் மவுண்டனில் ஏற 102 சென்றிமீற்றரும் ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 120 சென்றிமீற்றரும் உயரம் வேண்டும். ஆகவே சின்னப் பிள்ளை படுக்கவும் பெரிய பிள்ளை விளையாடவும், பூங்காவிலிருந்து அறைக்குச் சட்டென்று போய்வர முடிகிறதா என்பதைத்தான் முதலில் பாருங்கள். நட்சத்திரக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

நியூயோர்க்கிலிருந்து பூங்காவுக்குப் பத்து நிமிட நடை, நியூபோர்ட் பேயிலிருந்து கால் மணி நேரம். இரண்டிலிருந்தும் இலவச பஸ் ஓடுகிறது. ஆனால் நியூபோர்ட் பேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் என்பதால், ஹோட்டலுக்குள் போன பிறகு அறைவரை நடப்பதையும் கணக்கில் சேருங்கள். நியூயோர்க் முழுக்க மார்வெல் படங்கள், ஒன்பது வயதுக்காரருக்கு அதுவே ஒரு கொண்டாட்டம். டிஸ்னிலாண்ட் ஹோட்டல் 2024 ஜனவரியில் ஐந்து நட்சத்திரமாக மறுபடி திறந்தார்கள். பூங்கா வாசலின் மேலேயே நிற்கிறது, அழகென்றால் அப்படியொரு அழகு. அம்மாவால் பத்து நிமிடம்கூட நடக்க முடியாது என்றால் மட்டும் அந்தப் பணத்தைக் கொடுங்கள், அப்போது அது ஆடம்பரமில்லை.

ஹோட்டலில் எடுக்கும் ஓரிரவுப் பொதியில் (பேக்கேஜ்) இரண்டு நாள் பூங்கா டிக்கெட்டும் சேர்ந்தே வரும். தங்குபவர்களை மற்றவர்களுக்குத் திறக்கும் முன்பே பூங்காவுக்குள் விடுகிறார்கள், அந்த நேரத்தைத் தூங்கிக் கழிக்காதீர்கள். சாதாரண அறையில் நான்கு பேர்தான், நீங்கள் ஆறு பேர் என்றால் இரண்டு அறையையும் பக்கத்துப் பக்கத்தில் கேளுங்கள். விசாவுக்கு ஹோட்டல் பதிவு அந்த ஓரிரவுக்குத்தான் செல்லும். மற்ற நாட்களுக்குத் தம்பி மெரியில், அதாவது அவருடைய ஊர் நகரசபையில், தங்குமிடப் பத்திரம் எடுத்து அனுப்ப வேண்டும், அதை முதலில் முடியுங்கள்.

ஆகஸ்ட் என்றால் நல்லூர்த் திருவிழாவும் வரும். எங்கள் அம்மா கொடியேறினால் மச்சமாமிசம் தொடமாட்டார், தங்கிய இரண்டு நாளும் அக்கா கட்டித் தந்த புட்டும் சம்பலும்தான் அவருக்குச் சாப்பாடு. உங்கள் வீட்டிலும் விரதமென்றால் தம்பி வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள்.

சக்கர நாற்காலி பூங்கா வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும். அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார், கேட்காமல் எடுத்துவிடுங்கள்.