முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய பிறகும் இழப்பீட்டு வழக்கா?

கேள்வி: கோவை கணபதிப் பகுதியில் ஏழு பேரை வைத்துப் பவர் பிரஸ் பட்டறை நடத்துகிறேன். 2024 ஜூனில், மாதம் 18,000 ரூபாய் வாங்கிய 30 வயது ஆபரேட்டரின் வலது கையில் மூன்று விரல்கள் பிரஸ்ஸில் சிக்கித் துண்டாகிவிட்டன. கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்புக் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டியது அவர்தான். வேகமாக உருப்படி எடுக்க எல்லோருமே அப்படித்தான் ஓட்டுவார்கள். சொந்தத் தம்பியைப் போலப் பார்த்து 1,80,000 ரூபாய் மருத்துவமனைக்குச் செலவழித்தேன். அதற்கு மேல் 75,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கினேன். இப்போது 12 லட்சம் கேட்டுத் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு போட்டிருக்கிறார். நான் காப்பீடு எதுவும் எடுக்கவில்லை. போலீஸ் கேஸ் வேண்டாம் என்று மருத்துவமனையில் பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லியிருந்தோம். அதை வைத்து மனுவைத் தள்ளுபடி செய்ய முடியுமா?

பதில்: நீங்கள் அவரைத் தம்பியாகப் பார்த்தீர்களா, அவர் நன்றி மறந்தாரா என்பதை ஆணையர் கேட்கப்போவதில்லை. அவர் கேட்கப்போவது ஒன்றே: வேலையின்போது, வேலை காரணமாக இந்தக் காயம் ஏற்பட்டதா? ஏற்பட்டது என்று உங்கள் கடிதமே சொல்கிறது. விபத்து 2024இல் நடந்ததால் 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்தான் உங்களுக்குப் பொருந்தும். 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தைக் காட்டி யாராவது குழப்பினால் காது கொடுக்க வேண்டாம். தொழிலாளியின் கவனக்குறைவு 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் எதிர்வாதமே அல்ல. பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றினார் என்ற விதிவிலக்கு உண்டு. ஆனால் “எல்லோருமே அப்படித்தான் ஓட்டுவார்கள்” என்று எழுதியபோது, அது உங்களுக்குத் தெரிந்தே நடந்த வழக்கம் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அந்த வாதத்தை விட்டுவிடுங்கள்.

காப்பீடு எடுக்காதது அந்தச் சட்டத்தின்கீழ் குற்றம் அல்ல. காப்பீட்டு நிறுவனம் கட்டியிருக்க வேண்டிய பணத்தை நீங்கள் கட்ட வேண்டும் என்பதே அதன் விளைவு. விபத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஏதாவது ஒரு நாள் பட்டறையில் பத்துப் பேர் வேலை செய்திருந்தால் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் குறுக்கிடும். அப்படியிருந்தால் அதை இப்போதே உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்போது அந்த முத்திரைத்தாளுக்கு வருகிறேன். என்னிடம் வரும் பட்டறை உரிமையாளர்களில் பாதிப்பேர் இப்படி ஒரு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் 17ஆம் பிரிவின்படி செல்லாது. மொத்தத் தொகையாகப் பேசி முடித்திருந்தால், அந்த உடன்பாட்டின் குறிப்பை ஆணையருக்கு அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். அனுப்பாமல் விட்டவர் முழு இழப்பீட்டையும் கட்ட வேண்டும் என்பதோடு, ஆணையர் வேறுவிதமாக உத்தரவிட்டாலொழிய, ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் முடியாது என்கிறது 29ஆம் பிரிவு. ஆக, உங்கள் 75,000 ரூபாயில் கணக்கில் வரக்கூடியது 37,500. மருத்துவச் செலவு கணக்கிலேயே வராது, ஏனென்றால் அதைத் தருவது உங்கள் தனிக் கடமை.

தொகையைப் பார்ப்போம். சம்பளம் 18,000 ஆனாலும் சட்டம் ஏற்கும் உச்ச வரம்பு 15,000தான். முழு ஊனத்துக்கு அதில் 60 விழுக்காடு, அதாவது 9,000. வயதைப் பொறுத்துச் சட்டம் தரும் பெருக்கு எண்ணான காரணி 30 வயதுக்கு 207.98, பெருக்கினால் 18,71,820. ஒரு கையில் மூன்று விரல்கள் போனால் சட்டத்தின் காய அட்டவணைப்படி அதில் 30 விழுக்காடு, அதாவது 5,61,546 ரூபாய். அவர் கேட்கும் 12 லட்சம் ஏறத்தாழ 64 விழுக்காட்டுக் கணக்கு. மீதி விரலும் மடங்கவில்லை என்று மருத்துவர் சான்று தந்தால், அட்டவணையில் இல்லாத அந்தக் காயத்துக்கும் தனி விழுக்காடு சேரும். இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சருக்கு, தச்சு வேலையே செய்ய முடியாது என்பதால் முழு ஊனத்துக்கான இழப்பீடு தரவேண்டும் என்று 1975இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பிரஸ் ஆபரேட்டருக்கு வலது கை எத்தகையது என்பதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அழகாகவே எடுத்துச் சொல்வார்.

அதே தீர்ப்பில்தான் இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது என்றும் முடிவாயிற்று. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி ஏறும். உங்கள் விஷயத்தில் அது மாதம் ஏறத்தாழ 5,600 ரூபாய். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லை என்று ஆணையர் கருதினால், அதற்கு மேலும் இழப்பீட்டில் பாதி வரை அபராதம் விதிக்கலாம். காப்பீடு எடுத்திருந்தவருக்கும் இந்த அபராதம் மட்டும் சொந்தக் கையிலிருந்துதான் போகும் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் வேத் பிரகாஷ் கார்க் வழக்கில் சொல்லிவிட்டது.

பைக்கிலிருந்து விழுந்த கதையை நான் மிகவும் அஞ்சுகிறேன். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை உங்கள் துருப்புச்சீட்டு என்று நினைக்கிறீர்கள். பிரஸ்ஸின் டையில் (அச்சில்) நசுங்கிய விரலும் சாலையில் விழுந்து உடைந்த விரலும் ஒன்றுபோல இருக்காது. மருத்துவரைக் கூண்டில் ஏற்றினால் அரை மணி நேரத்தில் அது வெளிவந்துவிடும். உடன் வேலை செய்தவர்களில் ஒருவர் உண்மையைச் சொன்னாலும் போதும். அந்தக் கதையைச் சத்தியம் செய்து எதிருரையில் எழுதினால், பொய்ச் சாட்சியம் என்ற தனிச் சிக்கலை நீங்களே விலை கொடுத்து வாங்கியவர் ஆவீர்கள். ஐந்தரை லட்சத்தில் முடிந்திருக்க வேண்டிய வழக்குகள் முழு அபராதத்தோடு முடிந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு பொய்யால்தான். வருகைப் பதிவேட்டை இப்போது உட்கார்ந்து திருத்தி எழுதும் எண்ணம் இருந்தாலும் விட்டுவிடுங்கள். உயர் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் வீண் நம்பிக்கை: முழுத் தொகையையும் கட்டிய சான்று இல்லாமல் முதலாளியின் மேல்முறையீடு ஏற்கப்படாது, ஏற்கப்பட்டாலும் முக்கியமான சட்டக் கேள்வி மட்டுமே அங்கே பேசப்படும். கட்டாத தொகை நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கப்படும் என்பதால் பட்டறையின் இயந்திரங்களுக்கே ஜப்தி வரலாம்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். நீங்கள் ஒப்புக்கொள்ளும் அட்டவணைத் தொகையை முதலில் ஆணையரிடம் செலுத்துங்கள். அந்த அளவுக்கு வட்டி நிற்கும், அபராதம் கேட்கும் வாயும் அடைபடும். விழுக்காட்டைப் பற்றி மட்டும் பேசி, வட்டியோடு ஏழு லட்சத்தை ஒட்டி அவர் இறங்கி வந்தால் தயங்காமல் முடித்துவிடுங்கள். அட்டவணைக்குக் கீழே பேரம் பேசினால், தொகை போதாது என்று ஆணையர் உடன்பாட்டைப் பதிவு செய்யவே மறுக்கலாம். இந்த முறை அவர் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். உங்கள் வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது முத்திரைத்தாளோடு அந்தப் பதிவேட்டு நகலையும் எடுத்துச் சென்று, மருத்துவமனையில் என்ன சொன்னீர்கள் என்பதை, எதிர்த்தரப்பு சொல்லி அவர் தெரிந்துகொள்வதற்கு முன்பு நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.