இந்திய நேவில உண்மையிலேயே யாரு யாருக்கு ஆர்டர் போடுறாங்க? நிர்வாகம் எப்படி நடக்குது?

கேள்வி கேட்டவரு, "நேவி சீஃப் டெல்லில உக்காந்து எல்லா கப்பலையும் இயக்குறாருன்னா மும்பைலயும் விசாகப்பட்டினத்துலயும் தனித்தனியா அட்மிரல்கள் எதுக்கு"ன்னு கேட்டிருக்காரு. நான் நேவில ரைட்டர் ட்ரேடுல செய்லரா இருந்து வெளிய வந்தவன், கப்பல் ஆபீஸ்ல லீவு, சம்பளம், டிரான்ஸ்ஃபர், லெட்டருங்க இதெல்லாம் பாத்த ஆளு. அதனால மேல இருந்து பாத்தத விட கீழ இருந்து பாத்தது தான் அதிகம், அந்த கணக்குலயே படிச்சுக்கோங்க.

சுருக்கமா சொன்னா சீஃப் கப்பல இயக்கறதில்ல. கப்பல், ஆளு, காசு, ஆயுதம் எல்லாத்தையும் சேத்து படைய சமைக்கறது டெல்லி, பரிமாறுறது கமாண்டு, அதாவது மும்பை, விசாகப்பட்டினம் மாதிரி இடத்துல இருந்து கப்பல்கள இயக்குற தலைமையகம். இந்த ரெண்டும் வேற வேற லைன்னு புரிஞ்சுட்டா மத்ததெல்லாம் தானா புரியும்.

முதல்ல மேல் மட்டம். முப்படைக்கும் சுப்ரீம் கமாண்டர் ஜனாதிபதி, ஆனா அது அரசியல் சட்டப்படி, நிஜ முடிவு கேபினட் கைல, அதுலயும் பாதுகாப்புக்கான கேபினட் கமிட்டி கைல. அதுக்கு கீழ பாதுகாப்பு அமைச்சர். அமைச்சகத்துக்குள்ள டிஃபென்ஸ் செகரட்டரி ஒரு பக்கம், இன்னொரு பக்கம் 2020 ஜனவரில வந்த மிலிட்டரி அஃபேர்ஸ் டிபார்ட்மெண்ட், அதுக்கு செகரட்டரி சிடிஎஸ், அதாவது சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப். முதல் சிடிஎஸ் பிபின் ராவத், 2021 டிசம்பர்ல குன்னூர் பக்கம் ஹெலிகாப்டர் விபத்துல போனாரே, அவரு தான். இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், முப்படையும் இந்த புது டிபார்ட்மெண்டுக்கு கீழ வந்தாலும் புது கப்பல், புது விமானம் வாங்குற பெரிய காசு சமாச்சாரம் இன்னமும் டிஃபென்ஸ் செகரட்டரி பக்கம் தான். சாவிய யாராவது சும்மா விட்டுக்குடுப்பாங்களா.

அடுத்து சீஃப். 1955 வரைக்கும் அவருக்கு கமாண்டர்-இன்-சீஃப்னு தான் பேரு, அந்த வருஷம் சட்டம் போட்டு சீஃப் ஆஃப் நேவல் ஸ்டாஃப்னு மாத்துனாங்க, சிஎன்எஸ்னு சொல்லுவோம். சுதந்திரம் வந்தும் 1958 வரைக்கும் அந்த நாற்காலில வெள்ளைக்கார அட்மிரல்கள் தான் இருந்தாங்க, அந்த வருஷம் ஏப்ரல்ல தான் முதல் இந்தியரா ராம் தாஸ் கட்டாரி வந்தாரு. அவரு பொறந்தது நம்ம செங்கல்பட்டு, டஃபரின் பயிற்சி கப்பலோட முதல் பேட்ச்காரர். இது நம்ம ஊர்ல நிறைய பேருக்கு தெரியாது.

அந்த நாற்காலிக்கு எவ்வளவு பவர், எங்க பவர் நிக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்னா 1998 டிசம்பர் 30 போதும். அப்ப சீஃப் அட்மிரல் விஷ்ணு பகவத். டெபுடி சீஃப் பதவிக்கு வைஸ் அட்மிரல் ஹரிந்தர் சிங்க கேபினட்டோட நியமனக் கமிட்டி முடிவு பண்ணி அனுப்புச்சு, பகவத் அத அமல்படுத்த மாட்டேன்னு நின்னாரு, தன்னோட ஆபீஸ்ல தனக்கு நேர் கீழ யாரு இருக்கணும்னு சீஃபுக்கு சொல்ல உரிமை இல்லையான்றது அவரு பக்க நியாயம். ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் பாதுகாப்பு அமைச்சர், வாஜ்பாய் பிரதமர். ஒரே நாள்ல டிஸ்மிஸ். கொச்சில சதர்ன் கமாண்ட பாத்துட்டு இருந்த சுஷில் குமார் புது சீஃப். சுதந்திர இந்தியால ஒரு படைத் தளபதிய பதவில இருக்கும்போதே டிஸ்மிஸ் பண்ணது அது தான். கவர்மெண்ட் அத கையாண்ட விதம் மட்டமா இருந்துச்சுன்னு எனக்கு இன்னமும் தோணும், ஆனா கடைசி சொல்லு யாருதுன்றதுல சந்தேகமே மிச்சம் வெக்கல.

டெல்லில சீஃபுக்கு கீழ நாலு பெரிய தலைங்க, எல்லாருமே வைஸ் அட்மிரல்கள். விசிஎன்எஸ் (வைஸ் சீஃப்), டிசிஎன்எஸ் (டெபுடி சீஃப்) ரெண்டு பேருக்குள்ள ப்ளான், பட்ஜெட், ஆபரேஷன்ஸ், இன்டெலிஜென்ஸ்னு ஸ்டாஃப் வேலை பிரியும். சீஃப் ஆஃப் பெர்சனல் ஆளுங்கள பாப்பாரு, சீஃப் ஆஃப் மெட்டீரியல் கப்பலோட எஞ்சின், எலக்ட்ரிக்கல், ரிப்பேர் எல்லாம். கப்பல் கட்டுறதுக்கும் வாங்குறதுக்கும் தனியா ஒரு கண்ட்ரோலர். இங்க நேவிக்கு ஒரு தனி பெருமை உண்டு, தன்னோட போர்க்கப்பல தானே டிசைன் பண்ற பழக்கம் 1960கள்ல இருந்தே இருக்கு, மசகான் டாக்லயும் கார்டன் ரீச்லயும் கட்டுற கப்பலுக்கு வரைபடம் நேவி யூனிஃபார்ம் போட்ட இன்ஜினியர்கிட்ட இருந்து போகும். இந்த ஹெட்குவார்ட்டர்ஸ் ரொம்ப காலம் சவுத் பிளாக், சேனா பவன்னு டெல்லி பூரா சிதறி கெடந்துச்சு, 2024ல தான் கண்டோன்மெண்ட்ல நௌசேனா பவன்னு சொந்த கட்டடம் கெடச்சுச்சு.

இப்ப கமாண்டு. மும்பைல வெஸ்டர்ன், விசாகப்பட்டினத்துல ஈஸ்டர்ன், கொச்சில சதர்ன். ஒவ்வொன்னுக்கும் ஒரு வைஸ் அட்மிரல், கமாண்டர்-இன்-சீஃப்ன்றத சுருக்கி சி-இன்-சின்னு தான் எல்லாரும் கூப்பிடுவோம். சதர்ன் முழுக்க ட்ரெய்னிங் கமாண்டு, சண்டைக்குன்னு இருக்கறது மத்த ரெண்டும் தான், அதுக்கு கீழ தான் வெஸ்டர்ன் ஃப்ளீட்டும் ஈஸ்டர்ன் ஃப்ளீட்டும், ஃப்ளீட்டுன்னா சேந்து கடலுக்கு போற போர்க்கப்பல் கூட்டம், ஒவ்வொன்னுக்கும் வைஸ் அட்மிரலுக்கு ஒரு படி கீழ இருக்கற ஒரு ரியர் அட்மிரல். அந்தமான்ல இருக்கறது 2001ல வந்த முப்படை கமாண்டு, அது நேவிக்கு மட்டும் சொந்தம் இல்ல.

இந்த அமைப்பு 1968 மார்ச்ல வந்துச்சு, மூணே வருஷத்துல அதுக்கு பரீட்சையும் வந்துருச்சு. 1971 போர்ல டெல்லில சீஃப் நந்தா, கராச்சிய அடிக்கறதுக்கு அரசியல் சம்மதம் வாங்குனது அவரு வேலை. மும்பைல சி-இன்-சி கோலி, கடல்ல வெஸ்டர்ன் ஃப்ளீட்டோட குருவிலா, டிசம்பர் 4 ராத்திரி கராச்சி வாசல்ல போய் ஏவுகணை விட்ட படகுகளுக்கு தலைமை கமாண்டர் பப்ரு பான் யாதவ். கிழக்குல இன்னும் சுவாரஸ்யம். அங்க சி-இன்-சி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், நாகர்கோவில்ல பொறந்தவர். கைல இருந்த ஒரே விமானந்தாங்கி கப்பல் விக்ராந்த், அதுக்கும் பாய்லர்ல கோளாறு. அத அந்தமான் பக்கம் ஒளிச்சு வெச்சுட்டு, விசாகப்பட்டினம் கிட்ட தான் இருக்குன்னு பாகிஸ்தான நம்ப வெக்க பழைய டெஸ்ட்ராயர் ராஜ்புத்த அனுப்பி விக்ராந்த் மாதிரி ரேடியோல பேச விட்டாரு. தேடி வந்த பாகிஸ்தானோட காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினம் வாசல்லயே மூழ்குச்சு. இந்த மாதிரி விளையாட்ட டெல்லில உக்காந்து ஃபைல்ல நோட் போட்டு ஆட முடியாது, கமாண்டு தனியா இருக்கறதுக்கு காரணமே இது தான். ஈஸ்டர்ன் ஃப்ளீட்டுன்னு ஒன்ன உருவாக்குனதே போருக்கு ஒரு மாசம் முன்னாடி, அந்த நவம்பர் 1ல தான்.

நம்ம தமிழ்நாடு ஈஸ்டர்ன் கமாண்டுக்கு கீழ வரும். சென்னைல தமிழ்நாடு, புதுச்சேரிக்குன்னு ஒரு ஃப்ளாக் ஆஃபீஸர். அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளில இருந்து பி-8ஐ ரோந்து விமானம் பறக்கும், உச்சிப்புளில ஐஎன்எஸ் பருந்துன்னு இன்னொரு விமானத் தளம், நெல்லை விஜயநாராயணத்துல ஐஎன்எஸ் கட்டபொம்மன், தண்ணிக்கு அடில இருக்கற நீர்மூழ்கிக்கு செய்தி அனுப்புற ஸ்டேஷன். இதெல்லாம் தரைல இருக்கற கட்டடங்க, ஆனா நேவி கணக்குல கப்பல் தான், கேட்ட தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு போறதுக்கு பேரு கரைக்கு போறது. புதுசா வந்த பசங்க முதல்ல சிரிப்பாங்க, அப்புறம் அவங்களும் அப்படியே பேச ஆரம்பிச்சுருவாங்க.

இப்ப நான் உக்காந்திருந்த பக்கத்துல இருந்து பாருங்க. மும்பைல நிக்கிற ஒரு ஃப்ரிகேட் ரக போர்க்கப்பலுக்கு எத்தன எஜமானர்னு எண்ணி பாத்தா தலை சுத்தும். கடலுக்கு போனா ஃப்ளீட் கமாண்டர் சொல்றது. ரிப்பேருக்கு டாக்யார்டுக்குள்ள நின்னா அட்மிரல் சூப்பரிண்டெண்டென்ட்னு ஒருத்தர கெஞ்சணும், அவருக்கு கீழ வேல பாக்குறவங்கள்ல பெரும்பாலும் சிவிலியன்ஸ். கப்பலோட ஆளுங்க பயிற்சி முடிச்சு தயாரா இருக்காங்களான்னு சோதிக்க கொச்சில இருந்து சீ ட்ரெய்னிங் டீம் வரும், வந்தா மூணு வேளையும் தூக்கம் போயிரும். ஆஃபீஸர்கள எங்க போடுறதுன்னு டெல்லி முடிவு பண்ணும், செய்லர எங்க போடுறதுன்னு மும்பை மான்குர்த் சீட்டா கேம்ப்ல இருக்கற பியூரோ ஆஃப் செய்லர்ஸ் முடிவு பண்ணும், சம்பளம் மும்பை நேவல் பே ஆபீஸ். ஒரு சாதாரண செய்லருக்கு சீஃப் பேரு மறந்தாலும் மறக்கும், சீட்டா கேம்ப் மறக்காது, ஏன்னா பொண்டாட்டி பிரசவத்துக்கு பக்கத்துல சென்னைக்கு ட்ராஃப்ட், அதான் டிரான்ஸ்ஃபர், கெடைக்குமா இல்ல போர்ட் பிளேருக்கு தூக்குவாங்களான்றது அங்க இருந்து வர்ற ஒரு சிக்னல்ல தான் இருக்கு.

கப்பலுக்குள்ள சிஓ, அதாவது கமாண்டிங் ஆஃபீஸர் தான் ராஜா, ஆனா தினசரி வீட்ட நடத்துறது அவருக்கு அடுத்த எக்ஸ்ஓ, எக்ஸிக்யூட்டிவ் ஆஃபீஸர். நாளைக்கு எத்தன மணிக்கு என்னன்னு டெய்லி ஆர்டர்ஸ் போடுறது, சுத்தம், ஒழுங்கு எல்லாம் அவரு கை. அப்புறம் கன்னரி, நேவிகேஷன், இன்ஜினியரிங், எலக்ட்ரிக்கல், லாஜிஸ்டிக்ஸ்னு டிபார்ட்மெண்டுங்க. கப்பலுக்கு கேப்டனா வர்றவரு கப்பல ஓட்டுற, சண்டை போடுற எக்ஸிக்யூட்டிவ் பிராஞ்ச் ஆளு தான், எஞ்சின உயிர விட்டு காப்பாத்துற இன்ஜினியர் எவ்வளவு சீனியரா இருந்தாலும் அந்த நாற்காலி கெடையாது. அவங்களுக்குள்ள இதுல ஒரு மெல்லிய உரசல் எப்பவும் உண்டு, யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க.

ஒவ்வொரு செய்லருக்கும் ஒரு டிவிஷனல் ஆஃபீஸர் இருப்பாரு, லீவு, கடன், குடும்ப பிரச்சனை எதா இருந்தாலும் முதல்ல அவரு. அவரால முடியாதது ரிக்வெஸ்ட் ஃபார்மா மேல போகும், அங்க தான் ரிக்வெஸ்ட்மென் அண்ட் டிஃபால்டர்ஸ். ஒரு சின்ன மேஜை, பின்னாடி எக்ஸ்ஓவோ சிஓவோ, பக்கத்துல டிவிஷனல் ஆஃபீஸர், நான் சர்வீஸ் டாக்குமெண்ட கைல வெச்சுட்டு ஓரமா. பேரு நம்பர் கூப்பிட்டதும் செய்லர் மார்ச் பண்ணி வந்து நிப்பான். கோரிக்கையோட வந்தவனுக்கு தொப்பி தலைல இருக்கும், தப்பு பண்ணி வந்தவனுக்கு "ஆஃப் கேப்" ஆர்டர் வரும், தொப்பி கைக்கு வந்துரும். ரெண்டு நிமிஷத்துல ஒருத்தனோட லீவோ தண்டனையோ முடிவாயிரும். நேவி நிர்வாகம்னா எனக்கு கண்ணுல வர்றது இது தான், நௌசேனா பவன் இல்ல.

சீஃப் ஆகறது எப்படின்னும் சிலர் கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. திறமை, சீனியாரிட்டி எல்லாம் உண்டு, அதோட பொறந்த தேதியும் வேணும். வைஸ் அட்மிரல் 60ல ரிட்டயர்டு, சீஃபுக்கு 3 வருஷம் இல்லன்னா 62 வயசு, எது முதல்ல வருதோ அது. நாற்காலி காலியாகற அன்னைக்கு உங்களுக்கு 60 முடிஞ்சிருந்தா கதை முடிஞ்சுது. சீனியாரிட்டியும் எப்பவும் ஜெயிக்காது. 2014 பிப்ரவரில சிந்துரத்னா நீர்மூழ்கி விபத்துல ரெண்டு ஆஃபீஸர் இறந்ததும் சீஃப் ஜோஷி பொறுப்பேத்து அன்னைக்கே ராஜினாமா பண்ணாரு, அடுத்து சீனியர் வெஸ்டர்ன் சி-இன்-சி சேகர் சின்ஹா, ஆனா விபத்துங்க நடந்ததே அவரு கமாண்டுலன்றதால ராபின் தோவன் வந்தாரு. 2019லயும் சீனியரான பிமல் வர்மாவ தாண்டி கரம்பீர் சிங் வந்தாரு, வர்மா ராணுவ ட்ரிப்யூனல் வரைக்கும் போனாரு, கேஸ் நிக்கல.

கோஸ்ட் கார்டு நேவியோட கிளைன்னு நெனக்காதீங்க, அது 1978 சட்டப்படி தனி படை, தனி டைரக்டர் ஜெனரல், ஆனா அதே பாதுகாப்பு அமைச்சகம். அரிஹந்த் மாதிரி அணு ஏவுகணை நீர்மூழ்கிய ஓட்டுறது நேவி ஆளுங்க, ஆனா அந்த ஏவுகணைய விடுறதுக்கான உத்தரவு பிரதமர் தலைமைல இருக்கற நியூக்ளியர் கமாண்ட் அத்தாரிட்டில இருந்து தான் வரணும், சீஃப் தனியா தர முடியாது.

இன்னொன்னு, தியேட்டர் கமாண்டு பேச்சு பல வருஷமா ஓடுது. முப்படையும் ஒரே கமாண்டருக்கு கீழ வந்தா அவரு மூணு படை ஆளுங்களையும் தண்டிக்கறதுக்கான அதிகாரத்துக்கு 2023ல சட்டமே போட்டாச்சு. அது முழுசா வந்தா இப்ப மும்பை, விசாகப்பட்டினம் சி-இன்-சிங்க கைல இருக்கற சண்டை வேலை கடலுக்குன்னு ஒரு தியேட்டர் கமாண்டர்கிட்ட போயிரும், சீஃபுக்கு மிஞ்சறது ஆள எடுத்து, பயிற்சி குடுத்து, கப்பல தயார் பண்ணி அனுப்புறது மட்டும் தான். என்ன கேட்டா இப்பவே அவரு வேலைல முக்காவாசி அது தான்.